சுடு என்றானா, சூடு என்றானா

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
12.1.1992

என் மகன் பெற்ற கருப்பாயிக்கு அப்பத்தா பேச்சியம்மாள் எழுதுவது. எனக்கு முட்டிவலியைத் தவிர வேறு குறை இல்லை. நீயும் உன் புருஷன் வீரனும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். பர்கூரில் பனி கொட்டுகிறதாம். காதை மூடிக்கொண்டு குவாரிக்குப் போ.

ஒரு சேதி. உட்கார்ந்து படி. நாராயணப்பன் ஜெயிலிலிருந்து வெளியே வந்துவிட்டான். நன்னடத்தை என்று விட்டுவிட்டார்களாம். கேண்டீனில் பாத்திரம் கழுவும்போது பழைய ஆள் ஒருவன் வந்து சொன்னான். கையிலிருந்த அண்டா விழுந்து நசுங்கிப்போனது.

உனக்கு அப்போது பதினோரு வயது, ஊரில் இருந்தாய். கதையாகத்தான் கேட்டிருக்கிறாய். நான் கண்ணால் பார்த்தவள். 1979 ஜூன் ஏழாம் தேதி, வியாழக்கிழமை, உன் அப்பன் வேலை பார்த்த கம்பெனியில் ஸ்டிரைக்கின் ஒன்பதாம் நாள். உன் அப்பன் தங்கதுரைக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டு போனேன். சரக்கு லாரியை வெளியே விடக் கூடாதென்று நம் ஆட்கள் கேட்டை மறித்து நின்றார்கள். கல் பறந்தது. உன் அப்பன் கேட்டின் மேல் ஏறினான். உள்ளே சூப்பர்வைசர் நாராயணப்பன், அவன் பக்கத்தில் துப்பாக்கியோடு வாட்ச்மேன். நாராயணப்பன் கையை நீட்டி “சுடு” என்றான். வாட்ச்மேன் சுட்டான். உன் அப்பன் கால் கேட்டுக் கம்பியில் மாட்டித் தலைகீழாகத் தொங்கினான். கழுத்தில் ஓட்டை. இரண்டு கையாலும் பொத்தினேன். விரல் இடுக்கில் கொப்பளித்து வந்தது. என் வாயிலும் மூக்கிலும் போனது. அந்த ருசி எனக்கு இன்னும் தெரியும்.

சுட்டவன் ஜெயிலிலேயே மூன்றாம் வருஷம் செத்தான். சுடச் சொன்னவன் நடந்து வீட்டுக்குப் போகிறான்.

அவன் பெண்டாட்டி மாரம்மாவின் ஊர் உங்கள் பர்கூர் பக்கம்தான். கண்ணில் பட்டால் உடனே எழுது.

உன் அப்பத்தா,
பேச்சியம்மாள்


பர்கூர்
2.2.1992

அப்பத்தாவுக்குக் கருப்பாயியின் வணக்கம். முட்டிக்கு நல்லெண்ணெய் சுடவைத்துத் தேய்க்கிறீர்களா? நாங்கள் இருக்கிறோம். கல்தூசியில் எனக்கு இருமல் விடவில்லை.

அந்த ஆள் எங்கள் குவாரியில்தான் இருக்கிறார். உங்கள் கடிதம் வருமுன்னே அவரை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரென்று தெரியாது. வெடி வைக்கும்போது சிவப்புக் கொடியோடு பாதையில் நின்று ஆட்களை விலக்குகிற வேலை. மற்ற கொடிக்காரர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். அவர் வாயே திறப்பதில்லை, விசில் மட்டும்தான். ஊமை என்றே நினைத்திருந்தோம். வெயிலில் நிற்கிறாரே என்று இரண்டு தடவை என் குடத்திலிருந்து தண்ணீர் கொடுத்தேன்.

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரர் வாங்கிப் படித்தார். பாறைக் குழியில் வெடிமருந்து கெட்டிப்பவர் இவர்தான், உங்களுக்குத் தெரியும். படித்துவிட்டுக் கேட்டார்.

“கொடிக்காரன் பேரு என்ன?”

“நாராயணப்பான்னு குவாரி சூப்பர்வைசர் கூப்பிடுவாரு.”

“மாமனைக் கொன்னவனுக்கா தண்ணி மொண்டு குடுத்த?”

குடத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தார். சில்லு ஒன்று என் புருவத்தில் பட்டு மூன்று தையல். இப்போது ஆறிவிட்டது. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை அப்பத்தா.

கருப்பாயி


மூக்கண்டப்பள்ளி
9.2.1992

கருப்பாயிக்கு அப்பத்தா எழுதுவது. உன் புருவத்துக்கு மஞ்சள் பூசு. இருமலுக்குத் துளசி. எனக்கு இந்த ஒரு வாரமாக முட்டிவலியே தெரியவில்லை.

வீரன் குடத்தை உடைத்தது சரி. நம் வீட்டில் ஒரு ஆம்பிளை இருக்கிறான் என்று தெரிந்துகொண்டேன்.

உனக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். சாவுக்குப் பத்து நாள் முன்னால் நடந்தது. மெஷின் பக்கத்தில் ஒரு நிமிஷம் குத்தவைத்தான் என்று உன் அப்பனை அந்த நாராயணப்பன் கேட்டு வாசலுக்கு இழுத்து வந்து அறைந்தான். நான் நிற்கிறேன் என்று தெரிந்தே அறைந்தான். காதிலிருந்து ரத்தம் வந்தது. “உன் அம்மா சோத்தைத் தின்னுட்டுத் தூங்குறதுக்கா வந்த?” என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் மேல்வரிசையில் ஒரு பல் கறுப்பு. இப்போதும் அந்தப் பல் இருக்கிறதா என்று பார்த்து எழுது.

அவனுக்கு இந்த மண்ணில் நடக்க என்ன யோக்கியதை? குவாரியில் கல் விழாத நாள் உண்டா? வெடி முந்தி வெடித்தது என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? நான் சொல்ல வேண்டியதில்லை. மருந்து கெட்டிக்கிற கைக்குத் தெரியும்.

இதை வீரனிடம் படித்துக் காட்டு. மறைக்காதே. நீ மறைத்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

அப்பத்தா


பர்கூர்
4.3.1992

அப்பத்தாவுக்கு வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் தாமதம். எழுத உட்கார்ந்து நாலு தடவை கிழித்தேன்.

பல் இருக்கிறது. கறுப்புத்தான்.

போன வாரம் அவர் பெண்சாதி மாரம்மா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் யார் மகள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உள்ளே கூப்பிடவில்லை. வெயிலில் நின்றே பேசினார்.

“தங்கதுரை மகளாம்மா நீ?”

“ஆமா. எதுக்கு வந்தீங்க?”

“உன் வூட்டுக்காரரு கடப்பாரைய எங்காளு காலுகிட்ட நட்டு நட்டு நிக்கிறாரு. ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். நீ தெலுங்கு பேசுவியா?”

“குவாரியிலே பேசாம எப்படி?”

“பாருன்னு எப்படிச் சொல்லுவ?”

“சூடு.”

“எங்காளும் அதான்மா சொன்னாரு. கேட்டு மேல ஏறுறாங்க பாருன்னு வாட்ச்மேனுக்குச் சொன்னாரு. அவன் ராமநாதபுரத்தான், வந்து ஒரு மாசம் ஆகல. சுடுன்னு கேட்டான், சுட்டான். உங்க அப்பத்தாவும் கோர்ட்டுல சுடுன்னாங்க. எங்காளு அன்னியிலிருந்து சத்தம் போட்டுப் பேசுறதில்ல.”

அப்பத்தா, இந்தச் சொல்லை ஒரு நாளைக்கு நூறு தடவை நானே சொல்கிறேன். கல் உருண்டால் சூடு, லாரி பின்னால் வந்தால் சூடு. இத்தனை வருஷம் அப்பா செத்ததோடு அதைச் சேர்த்துப் பார்த்ததே இல்லை. நீங்கள் ‘சுடு’ என்று எழுதுவீர்கள், அதோடு முடிந்தது.

பக்கத்து வீட்டில் தெலுங்கு வாத்தியார் ஒருவர் குடியிருக்கிறார். அவரிடம் போனேன். நெருப்புச் சூடு வேறு, தெலுங்குக்காரர்களின் சூடு வேறு, இரண்டுக்கும் வேர் ஒன்றில்லை என்றார். தமிழில் ‘சூழ்’ என்று பழைய சொல் இருக்கிறதாம். ஆராய்வது, யோசிப்பது என்று அர்த்தமாம். அதுவும் இந்தப் பார்க்கிற ‘சூடு’ம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று படித்தவர்கள் சொல்கிறார்களாம். “தெலுங்கிலே அது கண்ணுக்குப் போச்சு, தமிழிலே சூழ்ச்சிக்குப் போச்சும்மா” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அன்றைக்கு நாராயணப்பன் சொன்னது குறிலா, நெடிலா? உங்கள் காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள். இவரும் அதற்காகத்தான் காத்திருக்கிறார்.

கருப்பாயி


மூக்கண்டப்பள்ளி
10.3.1992

கருப்பாயிக்கு. சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, எனக்கென்ன.

அப்பன் மண்டை தொங்கிய கதைக்கு வாத்தியாரிடம் போய் இலக்கணம் கேட்டுவந்தாயா? நன்றாய் இருக்கிறது. மாரம்மா வெயிலில் நின்றாளாம். நான் அன்றைக்கு எங்கே நின்றேன், நிழலிலா?

இந்தச் சூடு வித்தையை அவர்கள் வக்கீல் அப்போதே கோர்ட்டில் காட்டிவிட்டான். கூண்டில் என்னை ஏற்றி ஒரு மணி நேரம் குடைந்தான்.

“ஏம்மா, சுடுன்னாரா, சூடுன்னாரா? யோசிச்சுச் சொல்லு.”

“சுடு.”

“நீட்டிச் சொன்னாரா?”

“கத்துறவன் நீட்டாம என்ன செய்வான்? உன் பேரை நான் கத்துறேன், நீளுதா இல்லையான்னு பாரு.”

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜும் சிரித்தார்.

“அந்தச் சொல்லைத் தவிர வேற ஏதாச்சும் சொன்னாரா?”

“இல்லை.”

அதோடு உட்கார்ந்துவிட்டான். இரண்டாம் வகுப்புப் படித்தவள் நான். பி.எல். படித்தவனை உட்கார வைத்தேன். என் ஞாபகத்தைச் சந்தேகப்பட ஒருத்தி பிறந்துவரவில்லை. என் கல்யாணத்தில் யார் யார் எந்த இலைக்குப் பரிமாறினார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன்.

சுடு என்றான். சுடு. சுடு. போதுமா?

பேச்சியம்மாள்


பர்கூர்
1.4.1992

அப்பத்தாவுக்கு மதுரைவீரன் வணக்கம். நலம். நான் அதிகம் எழுதிப் பழகாதவன்.

கருப்பாயி என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. சோறு வைக்கிறாள், பேசுவதில்லை. உங்கள் கடைசிக் கடிதத்தைப் படித்துவிட்டு, “நீட்டினாரான்னு கேட்டதுக்கு அப்பத்தா பதில் சொல்லல, பாத்தியா?” என்றாள். அப்புறம் வாயை மூடிக்கொண்டாள்.

வருகிற பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை பெரிய பாறைக்கு வெடி. அன்றைக்கு அவன் கீழ்ப் பாதையில் நிற்பான். நான் முடிவு செய்துவிட்டேன். மாமன் ரத்தம் எனக்கும் ரத்தம்தான். ஆனால் ஒரு உயிர். எனக்குக் கை நடுங்குகிறது என்று உங்களிடம் சொல்ல வெட்கமில்லை.

நெடில் என்றால் ஒரு வரி போடுங்கள். கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு அவன் காலில் விழுகிறேன். பதில் வராவிட்டால் உங்கள் வார்த்தை அதேதான் என்று எடுத்துக்கொள்வேன்.

மதுரைவீரன்


பர்கூர்
13.4.1992

அப்பத்தா,

நலம் விசாரிக்க எனக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை வரை தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். நான் வாசலில், இவர் குவாரி கேட்டில். உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

வெடியில் செய்ய இவரால் முடியவில்லை. கீழ்ப் பாதையில் ஜல்லி உடைக்கிற பெண்கள் ஏழு பேர் இருந்தோம். அதனால் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேராக இறங்கி வந்தார். பட்டப்பகல், பதினொன்றரை மணி. நாராயணப்பன் எங்களைப் பார்த்து விசில் ஊதி விலகச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் பின்னாலிருந்து ஓங்கினார். நான் கத்தினேன், “வெனக சூடு!” பின்னால் பார் என்று. என் வாயில் அதுதான் வந்தது. அவர் திரும்பினார். பிடரியில் விழ வேண்டியது தாடையில் விழுந்தது. கீழ்த்தாடை இரண்டாகப் போய்விட்டது. அந்தக் கறுப்புப் பல் என் சேலையில் வந்து ஒட்டியது. இரண்டாம் அடி தோளில். மூன்றாவதுக்கு முன்னால் நான் குறுக்கே போய் விழுந்தேன். என் இடது கை மணிக்கட்டில் முறிவு.

அவர் ஒரு சத்தமும் போடவில்லை. விசில் மட்டும் வாய்க்குள்ளே எங்கேயோ மாட்டிக்கொண்டு ஒவ்வொரு மூச்சுக்கும் மெல்லக் கேட்டது. விரலை விட்டு நான்தான் எடுத்தேன்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பிழைப்பாரா என்று இன்னும் சொல்லவில்லை. இவரைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டது.

ஸ்டேஷனில் எழுதுகிற கான்ஸ்டபிள் தூத்துக்குடிக்காரர். “ஏம்மா, நீ சுடுன்னு கத்துனியாமே, யாரை?” என்றார். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். சூ. டு. அவர் எழுதி முடித்து, நான் பார்த்த பிறகுதான் கைநாட்டு வைத்தேன். வலது கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்போது கையெழுத்துப் போட வரவில்லை.

இவர் முதல் தேதி போட்ட கடிதம் உங்களுக்கு வந்ததா, வரவில்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

கருப்பாயி


மூக்கண்டப்பள்ளி
16.4.1992

கருப்பாயிக்கு.

வந்தது. நாலாம் தேதி சனிக்கிழமை, மத்தியானம். ஆறு நாள் என் மடியில் இருந்தது. தபாலாபீஸ் எங்கள் லைன் வீட்டுக்கு நேர் எதிரே.

எழுதாமல் இருந்தால் நான் ஒன்றும் சொன்னதாக ஆகாது என்று நினைத்தேன். கோர்ட்டிலும் அப்படித்தான் செய்தேன்.

இப்போது எழுதுகிறேன். நாராயணப்பன் சொன்னது நெடில். அதை நீ கண்டுபிடித்துவிட்டாய். உனக்குத் தெரியாதது, அவன் ஒரு சொல் சொல்லவில்லை. இரண்டு சொன்னான். கையைக் கேட்டுப் பக்கம் நீட்டி, “அக்கட சூடு” என்றான்.

அன்றைக்கு நான் ஓசூருக்கு வந்து நாலு மாசம். அக்கட எனக்குப் புரியவில்லை. ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்தேன். சுடு என்று சொன்னதாகத்தான் முதலில் நிஜமாகவே என் காதில் விழுந்தது. அதை நம்பு, நம்பாமல் போ. ஆனால் வக்கீல் “வேற ஏதாச்சும்” என்று கேட்டபோது அந்த அக்கட என் தொண்டை வரைக்கும் வந்தது. எதிர்க் கூண்டில் வாட்ச்மேனோடு நாராயணப்பன் நின்றிருந்தான். என் மகனை அறைந்த கை கூண்டுக் கம்பி மேல் இருந்தது. அந்தக் கையைப் பார்த்தேன். “இல்லை” என்றேன்.

அடுத்த வருஷம் ஓசூர்ச் சந்தையில் ஒரு காய்காரி கூலிக்காரனிடம் “அக்கட பெட்டு” என்றாள். அவன் மூட்டையை அவள் காட்டிய இடத்தில் இறக்கினான். நான் கையில் தக்காளியோடு நின்றேன். அங்கே வை. அங்கே பார். அந்த நிமிஷமே முழுசும் தெரிந்துவிட்டது. தக்காளியை நசுக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்தேன்.

அதற்குப் பிறகு பதினொரு வருஷம். அவன் உள்ளே இருந்தான். நான் வெளியே அதைக் காவல் காத்தேன். வாட்ச்மேன் செத்துவிட்டான். சொன்னவனும் இல்லை என்றால் என் மகன் சாவுக்கு யார்? காது கேட்டது தப்பு, அதற்குப் போய் ஒருத்தன் தலைகீழாய்த் தொங்கினான் என்றால் நான் யாரைப் பகைப்பது? அந்த வாத்தியார் சொன்ன பழைய சொல், தமிழில் அது சூழ்ச்சிக்குப் போனது என்றாரே, அது எனக்குச் சொன்னது.

வீரன் கை நடுங்கியது என்று எழுதினான். என் கை நடுங்கவில்லை.

பேச்சியம்மாள்


பர்கூர்
25.4.1992

அப்பத்தாவுக்குக் கருப்பாயி எழுதுவது. முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதால் கேட்கிறேன்.

நாராயணப்பன் பிழைத்துவிட்டார். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இனிமேல் தெளிவாகப் பேச வராது என்று டாக்டர் சொன்னார்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போனேன். கட்டில் பக்கத்தில் நின்று முழுசும் படித்தேன். ‘அக்கட சூடு’ என்ற இடம் வந்தபோது அவர் கையைத் தூக்கினார். நிறுத்தினேன். மறுபடி என்று விரலால் காட்டினார். மறுபடி படித்தேன். மறுபடி என்றார். மூன்று தடவை. அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாரம்மா கையிலிருந்த டம்ளரை என் முகத்தில் வீசினார். தையல் போட்ட அதே புருவம். “பன்னெண்டு வருசமா இந்த ஒரு வார்த்தைக்குத்தான்டி ஒவ்வொரு வாசலா ஏறி எறங்கினேன்! உங்க கெழவி வூட்டுக்கும் வந்தேன், கதவச் சாத்தினா!” என்று கத்தினார். நர்ஸ்கள் ஓடிவந்து அவரைப் பிடித்தார்கள். நீங்கள் கதவைச் சாத்தியதை எனக்கு எழுதவே இல்லை.

இவரைச் சப்ஜெயிலில் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “அப்பத்தா என்ன எழுதுச்சு?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். நெற்றியைக் கம்பியில் மோதினார், காவலர் இழுத்துப் போகும் வரைக்கும்.

எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லப்போகிறேன். என் புருஷன்தான், இருந்தாலும். அதோடு நீங்கள் எனக்கு எழுதிய நாலு கடிதத்தையும் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

கருப்பாயி


மூக்கண்டப்பள்ளி
28.4.1992

கருப்பாயிக்கு அப்பத்தா எழுதுவது. எழுதாதே என்றாய். இது ஒன்று. உன் கைமுறிவு கூடிவருகிறதா? கட்டை அவிழ்க்க அவசரப்படாதே.

கொடுத்தது சரி. மாரம்மாவுக்குக் கதவைச் சாத்தியதும் நிஜம். 1983 ஐப்பசி, மழை. நனைந்து நின்றாள். குடை கொடுக்கவில்லை.

நாராயணப்பன் என் மகனை அறைந்ததும் நிஜம். அதை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. அதற்காக அவனை நேரில் திட்டுவேன். ஆனால் ஒரு அறைக்குப் பன்னிரண்டு வருஷமும் ஒரு தாடையும் இல்லை. அது எனக்குத் தெரியும்.

நீ கொடுத்தது நாலு கடிதம். ஐந்தாவது உன்னிடம் கிடையாது. வீரன் எனக்குப் போட்டது. ‘நெடில் என்றால் ஒரு வரி போடுங்கள்’ என்று அதில் இருக்கிறது. கை நடுங்குகிறது என்றும் இருக்கிறது. ஜட்ஜ் அதைப் பார்க்காமல் வீரனுக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மேலே தபால் முத்திரையில் நாலாம் தேதி தெளிவாக விழுந்திருக்கிறது. இங்கே வந்து சேர்ந்த தேதி அது. என்னை யாரும் தப்பவிட முடியாது.

அதை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை காலை ஆறு மணி கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறுகிறேன். நீ வந்து நிற்க வேண்டாம். விசாரித்துக்கொண்டு நானே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடுவேன்.

‘சுடு, சுடு’ என்ற அந்த மார்ச் மாசக் கடிதம் ஆத்திரத்தில் எழுதியது, எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அந்தத் தூத்துக்குடிக்காரர் படித்தால் குறிலை நெடிலாக்கிவிடுவார், இல்லாவிட்டால் எதையாவது விட்டுவிடுவார். நான் வரும்வரை யாரும் அதைப் படிக்க வேண்டாம் என்று சொல். நானே படிக்கிறேன்.

பேச்சியம்மாள்